எங்க சிட்அவுட் சுவரு நல்லா லெவலா இருக்கு

புது வீட்டு முன்வாசல் சிட்அவுட் சுவருல இன்னைக்கு கல்லு ஒட்டி முடிச்சாச்சு. களியக்காவிளையில போயி பாத்துப் பாத்து வாங்கின கல்லு. நூல் பிடிச்சுப் பாத்தேன், ஒண்ணு கூட துருத்தல.

அதுதான் பயமா இருக்கு.

ஏன்னா சுவரு நடுவுல குழிஞ்சு கிடந்தது. முதல்ல பூசி நேராக்கணும், பிறகு அது காயணும். ஞாயித்துக்கிழம பால்காச்சு, குடியேறணும். எங்க காய?

மஸ்கட்டுல இருக்க என் வீட்டுக்காரரு ஒரே பிடியா நின்னாரு. சுவரு நேராவும் இருக்கணும், ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியவும் செய்யணும்.

மேஸ்திரி என்ன செஞ்சாரு? ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால நாலு மூலையிலயும் நடுவுலயும் பசைய உருண்ட உருண்டையா வச்சு, நூலுக்கு நேரா அமுக்கிட்டாரு. மிச்ச இடத்துல வெறும் காத்து.

சாவியால தட்டிப் பாத்தேன். காலி டின்ன தட்டினது மாதிரி சத்தம்.

"அண்ணே, விழுந்திராதா?"

"கண்ணுக்கு லெவலா இருக்குல்லா எக்கா? நீங்க தட்டாம இருங்க, போதும்."

சாயங்காலம் வீடியோ காலுல இவரு பாத்தாரு. "ஏட்டி, கண்ணாடி மாதிரில்லா இருக்கு! எங்கம்மைக்க நாற்காலிய அதுக்க கீழயே போடு. நான் வந்த உடனே அங்க வச்சுதான் முதல் போட்டோ."

அந்தச் சந்தோசத்தப் பாத்த பிறகு கல்லுக்குப் பின்னால வெறும் காத்துதான்னு எப்படிச் சொல்ல? நாற்காலிய மட்டும் தூக்கி அடுத்த பக்கம் போட்டிருக்கேன்.

இவரு நான் எழுதுற எதையும் வாசிக்கமாட்டாரு, லைக் மட்டும் போடுவாரு. இதுக்கும் முதல் லைக் அவருக்கதாத்தான் இருக்கும்.

வாசிச்சவங்க யாராவது அவரக் கூப்பிட்டுச் சொல்லிருங்க மக்கா.