சிட்லபாக்கத்துக் கடல்

எண்பதுகளின் பிற்பாதி. விலங்கியல் எம்.எஸ்ஸி. கடைசி வருடம். கடலில் மிதக்கும் நுண்ணுயிர்கள்தான் என் ப்ராஜெக்ட். நானாகக் கேட்கவில்லை, பேராசிரியர் என் தலையில் கட்டினார். திங்கட்கிழமைக்குள் மாதிரி வராவிட்டால் ஒரு வருடம் போச்சு என்றும் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை தாம்பரத்தில் பஸ் பிடித்துக் கோவளம் போனேன். ஒரு மீனவர் கட்டுமரத்தில் ஏற்றிக்கொண்டார். என் வலை கூம்பு மாதிரி மெல்லிய துணி, வாலில் ஒரு பாட்டில். இழுக்க இழுக்க பாட்டிலில் பழுப்புக் கூழ் சேர்ந்தது. நானோ காலையில் தின்ற இட்லியைக் கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கரைக்கு வந்ததும் வலையை அப்படியே போட்டுவிட்டு மணலில் மல்லாந்தேன். பிடித்தது கெட்டுப்போகாமலிருக்க உடனே பாட்டிலில் ஃபார்மலின் ஊற்ற வேண்டும். எங்கே ஊற்றுவது, தலை சுற்றுகிறது.

எழுந்தபோது வலை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அடுத்தவன் வலையை வழவழப்போடு திருப்பிக் கொடுப்பது அந்தக் குப்பத்தில் அசிங்கம்.

"நல்ல தண்ணில அலசி வுட்டேன் தம்பி. பாட்லயும் கழுவிட்டேன்" என்றாள் மீனவரின் மனைவி, பெருமையாக.

"அக்கா, அந்த அழுக்குதான் எனக்கு வேணும்!"

"அழுக்கா? அதுக்கா தாம்பரத்துலேர்ந்து வந்தே?"

"அதுல ஆயிரம் தினுசு உசுரு இருக்குக்கா. நண்டுக் குஞ்சு, எறா குஞ்சு, எல்லாம்."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "யோவ், எறா குஞ்சாம்யா! நீ இன்னாத்த கடலுக்குப் போய்கினு கீறே?"

காற்று ஏறிவிட்டது, இன்னொரு தடவை முடியாது என்று அவர் கையை விரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டருகே சிட்லபாக்கம் ஏரியில் ஒரு பாட்டில் மொண்டேன். சமையலறைக் கல்லுப்பு ஒரு பிடி, ஃபார்மலின் கொஞ்சம். எல்லாம் பூச்சிதானே, அந்தப் பேராசிரியருக்கு என்ன தெரியப்போகிறது?

தெரிந்தது. திங்கட்கிழமை நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"எந்தக் கடல்?"

"கோவளம் சார்."

"கோவளத்துல கொசுப்புழு மிதக்குதா?"

லேப் மொத்தமும் சிரித்தது. வெள்ளிக்கிழமை வரை கெடு கொடுத்தார்.

புதன்கிழமை மறுபடி அதே கட்டுமரத்தில், பாட்டிலை நெஞ்சோடு அணைத்தபடி வாந்தி எடுத்தேன். கரை தொடும் முன்பே ஃபார்மலின் ஊற்றியாயிற்று. லேபில் பார்த்தால் கண்ணாடி டப்பா மாதிரி டயட்டம் பாசி, மீசை நீண்ட குட்டி இறால் போன்ற கோபிபாட், ஊசி போன்ற அம்புப்புழு, தலையில் கொம்பு முளைத்த நண்டுக் குஞ்சு. ஒன்று இன்னொன்றை விழுங்கப் போய்ப் பாதியில் செத்திருந்தது. அந்த ஓட்டை நுண்ணோக்கிக்குச் சிக்காத பாக்டீரியா வேறு. செத்ததையெல்லாம் தின்று கடல் நாறாமல் காப்பது அதுதான். எங்கள் பாடப் புத்தகத்தில் அதற்கு ஒரே ஒரு பாரா. மற்றதில் பாதிக்குப் படமே இல்லை. கண்டதையெல்லாம் வரைந்தேன்.

பேராசிரியர் சிவப்புப் பேனாவால் ஏழெட்டுப் படத்தை அடித்தார். "சிலபஸ்ல இல்லாததை ஏன்யா வரைஞ்சே?"

"கடல்ல இருந்துச்சு சார்."

முறைத்தார். பாஸ் மார்க் போட்டார். அதற்கு மேல் ஒன்றுகூடப் போடவில்லை. போகட்டும், அந்த ஆளிடம் இன்னொரு வருடம் குப்பை கொட்ட வேண்டியதில்லை.