ஷெரின் வீட்டுக் கடற்பஞ்சு

திருநகரில் ஷெரின் வீட்டுக்கு வருபவர்கள் கூடத்துத் தொட்டியில் முதலில் மீனைத் தேடுவார்கள். மீன் கிடையாது. கல்லைப் பற்றிக்கொண்டு விரல் விரலாக நிற்கும் ஆரஞ்சு நிறக் கடற்பஞ்சு ஒன்றுதான். அது உயிருள்ளது. தண்ணீரை உள்ளிழுத்து, அதில் கலந்திருக்கும் நுண்ணிய இரையை வடிகட்டித் தின்னும்.

ஷெரின் விலங்கியல் படித்தவள். ஒரு கண் மருத்துவமனையில் நோயாளிகளுக்குச் சீட்டுப் போடும் வேலை. பெண் பார்க்க வந்தவர்களிடம் தொட்டியும் கூடவே வரும் என்று சொல்லி, சம்பந்தங்களைக் கலைத்தவள். வடிகட்டிய தண்ணீரில் கடலுப்புத் தூளை அவளே அளந்து கலக்குவாள்.

"ஊரே போர் தண்ணி உப்புன்னு அழுகுது. இவ நல்ல தண்ணியில உப்பக் கொட்டுறா" என்பார் அம்மா ஆனிமேரி.

கேரல் பாடச் சபையார் வருவதற்குள் கூடத்துக்கு வண்ணமடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஆனிமேரிக்குக் கிறிஸ்துமஸே கிடையாது. போன டிசம்பரில் மூன்று சுவர்களை முடித்த பெயின்டர் சோணை, தொட்டியை நகர்த்தச் சொன்னார். ஷெரின் வேலைக்குப் போயிருந்தாள். ஆனிமேரி தன்னளவில் கவனமாகத்தான் செய்தார். தொட்டித் தண்ணீரையே வாளியில் மொண்டுவைத்து, பஞ்சைக் கல்லோடு தூக்கி அதில் போட்டார். பாதித் தண்ணீரை இறைத்தும் தொட்டி அசையவில்லை.

மாலையில் ஷெரின் வாளியைப் பார்த்தாள்.

"வெளிய தூக்குனீங்களாம்மா?"

"பின்ன, தண்ணிக்குள்ளயே நடந்தா வரும்?"

காற்றில் பட்டது கொஞ்ச நேரம்தான். ஆனால் துளைகளில் காற்று புகுந்து அடைத்துக்கொண்டால் அந்த இடம் அழுகிவிடும். ஷெரின் ஒரு டப்பாவை வாளிக்குள் முக்கி, கல்லை நீரோடு சேர்த்து மொண்டு தொட்டிக்குள் இறக்கினாள்.

"சோணைண்ணே, இந்தச் சுவரு வேணாம். விட்டுருங்க."

"மூணு புதுசு, ஒண்ணு பழசா? சபையே சிரிக்கும்டி" என்றார் ஆனிமேரி.

"சிரிக்கட்டும்."

சில நாளில் இரண்டு விரல்கள் வெளுத்தன.

"செத்துப்போச்சு. நீ எடுக்கலன்னா நானே சாக்கடையில ஊத்திருவேன்" என்றார் ஆனிமேரி.

"எப்படி ஊத்துறீங்கன்னு பாக்குறேன். லீவு போட்டுட்டு இங்கயேதான் ஒக்காந்திருப்பேன்."

சொன்னபடியே உட்கார்ந்தாள். கையைத் தண்ணீருக்குள் விட்டு, வெளுத்த விரல்களை நல்ல சதை கொஞ்சம் சேர்த்து பிளேடால் வெட்டினாள். அழுகல் தண்ணீரை உறிஞ்சி எடுத்துப் புதுத் தண்ணீர் விட்டாள். ஒவ்வொரு காலையும் வெட்டிய இடத்தில் வெள்ளை பரவுகிறதா என்று பார்த்தாள். பரவவில்லை. கேரல் குழு வந்த மாலை, வெட்டுவாயில் மெல்லிய ஆரஞ்சுத் தோல் மூடியிருந்தது.

"ஏம்மா, இந்தச் சுவர மட்டும் விட்டுட்டீங்க?" என்றார் சபை மூப்பர்.

ஆனிமேரி மகளைப் பார்த்தார்.

"நான்தான் வேணாம்னேன் ஐயா. தொட்டியில உயிரு இருக்கு."

"இதுவா? அசையவே காணோமே."

"அது அசையாது. நீங்கதான் கொஞ்சம் தள்ளி நிக்கணும்."

தொட்டியில் சாய்ந்திருந்த கிட்டார்காரர் முதலில் நகர்ந்தார். மூப்பரும் நகர்ந்தார். அந்த இட நெருக்கடியிலேயே அவர்கள் பாட ஆரம்பித்தார்கள்.