அண்ணி ஓட்டிப்போன பசு

சித்தூர் மாட்டாஸ்பத்திரியில் ஒரு டாக்டர், பசுவுக்குள் தோள்வரை கையை விட்டபடி அசையாமல் நின்றது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. வழியும் வியர்வையைத் துடைக்க முடியாமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பசுவின் முகத்தருகே கயிற்றைப் பிடித்தபடி என் அண்ணி. அவர் அவசரப்பட்டுக் கையை எடுத்தால் உள்ளே ரத்தம் கசியும், பசு செத்தும் போகலாம் என்று அண்ணிக்குத் தெரியும். தெரிந்துதான் சம்மதித்திருந்தாள்.

அண்ணி வரதய்யபாளையம் பக்கத்துப் பெண். எங்கள் ஊர் புத்தலப்பட்டுச் சாலையில் இருந்தது. ஆந்திரம் தனியாகப் பிரிந்து, எல்லை எங்கே விழும் என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்த காலம். அவள் பிறந்த ஊர் அப்போது சென்னை மாநிலம், வாழ வந்த ஊர் ஆந்திரம். கல்யாணச் சீராகத் தலையீற்றுப் பசு ஒன்றைக் கன்றோடு ஓட்டிவந்தாள். பெண்ணோடு வருகிற பசு பெண்ணுக்கே சொந்தம், அதை மாமியார் விற்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். என் அம்மாவுக்கு அந்த வழக்கம் முதல் நாளே பிடிக்கவில்லை.

கன்று வளர்ந்தது, பால் வற்றியது. பசுவை ஊர்க் காளைக்கு விட்டார்கள். அதன் பிறகு அது பருவத்துக்கு வந்து கத்தவே இல்லை. சினை பிடித்துவிட்டது என்று அம்மா பருத்திக்கொட்டை ஆட்டி ஊற்றினாள், சீம்பாலைச் சாமிக்கு நேர்ந்துகொண்டாள். மாதங்கள் போனதே தவிர வயிறு இறங்கவில்லை. அண்ணிக்கும் குழந்தை இல்லை. அம்மா இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டாள்.

"பொண்ணும் மாடும் ஒண்ணா வந்துச்சுங்க, ஒண்ணாவே மலடாப் பூடுச்சுங்க. மாட்டத் தரகன்கிட்ட தள்ளிட்டு, இவள அவங்க ஸ்டேட்டுக்கே பஸ் ஏத்தி உடணும்."

அண்ணன் குனிந்து தட்டைப் பார்த்துத் தின்றுகொண்டிருந்தான். அந்த வித்தை அவனுக்கு நன்றாக வரும்.

தரகன் வரவேண்டிய நாள் விடிவதற்குள் அண்ணி பசுவை அவிழ்த்துவிட்டாள். "அடிமாட்டுக்குத் தர மாட்டேன். சித்தூருக்கு ஓட்டிக்கினு போறேன், வர்றியா?" என்று என்னைக் கேட்டாள். நான் டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு, வேலை தமிழ்ப் பள்ளியிலா தெலுங்குப் பள்ளியிலா என்று தெரியாமல் வீட்டில் முடங்கியிருந்தவள். அம்மா எழுந்தால் என்ன நடக்கும் என்று யோசிக்கவே இல்லை. கூடவே கிளம்பிவிட்டேன்.

டாக்டர் கையை விட்டுப் பார்த்து, சினை இல்லை என்றார். சூலகத்தில் மஞ்சள் கட்டி ஒன்று இருப்பதாகச் சொன்னார். முட்டை வெளிவந்த இடத்தில் எல்லாப் பசுவுக்கும் அது உண்டாகுமாம். சினை பிடிக்காவிட்டால் தானாகக் கரைந்துபோகுமாம். இதற்குக் கரையவில்லை. கரையாத வரையில் அதில் ஊறும் சுரப்பு, வயிற்றில் கன்று இருப்பதாகவே உடம்பை நம்பவைக்கும். பசு பருவத்துக்கு வராது. விரலால் பிதுக்கி எடுத்துவிடலாம். ஆனால் அந்தக் கட்டி முழுக்க ரத்தக் குழாய்கள்.

"நிஜத்தச் சொல்லிட்றேம்மா. ரத்தம் நிக்கலன்னா மாடு போயிடும். சந்திரகிரி மாடு ஒண்ணு அப்படிப் போச்சு" என்றார்.

"தரகன் கையில போறதுக்கு உங்க கையில போவட்டும். எடுங்க" என்றாள் அண்ணி.

பிதுக்கிய இடத்தை விரல்களுக்கு நடுவில் அழுத்திப் பிடித்து, ரத்தம் உறையட்டும் என்றுதான் அவர் அப்படி நின்றார். கடைசியில் அவர் கையை உருவினார். பசு வாலைத் தூக்கி அவர் காலிலேயே சாணி போட்டது. அண்ணி சிரித்துவிட்டாள். நாங்கள் வீடு திரும்புவதற்குள் தரகன் வந்து போய்விட்டிருந்தான். அந்த வாரமே பசு ஊரைக் கூட்டிக் கத்தியது. அதே காளைக்கு விட்டோம். இந்தத் தடவை வயிறு ஏமாற்றவில்லை.

பசு சினை என்று தெரிந்ததும் அம்மாவுக்கு அது மகாலட்சுமி ஆகிவிட்டது. பழி முழுக்க அண்ணி தலையில் விழுந்தது. அவள் அப்பாவை வரவழைத்து, உறவுக்காரர்களை வாசலில் உட்காரவைத்து அம்மா தீர்ப்பே சொன்னாள்: "மாட்டுக்குக் கூட வைத்தியம் பலிச்சுடுச்சு, இவளுக்கு ஒண்ணும் பலிக்கல. பொண்ண இட்டுக்கினு போங்க. மாடு இங்கயே இருக்கட்டும்."

என் அம்மாதான், ஆனாலும் சொல்கிறேன், அப்படி ஒரு நெஞ்சழுத்தத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அண்ணி அழவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. "மாட்டு டாக்டரு மாட்டத் தொடறதுக்கு முன்னாடி, காளை நல்லா கீதான்னுதான் கேட்டாரு அத்தே. இந்த வூட்ல ஒருத்தரும் அத கேக்கல."

உண்மைதான். ஆஸ்பத்திரியில் அவர் கேட்ட முதல் கேள்வியே அது. நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்; அது எங்கள் வீட்டுக்கும் பொருந்தும் கேள்வி என்று எனக்குத் தோன்றவில்லை.

நைனா என்று நாங்கள் கூப்பிடும் என் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கழனிப்பக்கம் போய்விட்டார். அண்ணி தொழுவத்துக்குப் போய்ப் பசுவை அவிழ்த்து வந்தாள். அண்ணன் முன்னால் நின்று, "மொதல்ல நீங்க வேலூர் ஆஸ்பத்திரில காட்டிக்கினு வந்து கூப்புடுங்க. வர்றேன்" என்றாள். பிறகு தன் அப்பாவோடும் பசுவோடும் நடந்தாள். தடுக்க அம்மாவே எழவில்லை.

அண்ணன் மூன்று மாதம் முறுக்கிக்கொண்டு திரிந்தான். பிறகு வேலூருக்குப் போனான். காட்டிவிட்டுத்தான் அவளைக் கூப்பிடப் போனான். அவளும் சொன்னபடி வந்தாள், பசுவோடு.

இப்போது கட்டியை யாரும் பிதுக்குவதில்லை. ஒரு ஊசி போட்டால் அதற்குப் போகும் ரத்தம் குறைந்து தானாக ஒடுங்கிவிடுகிறதாம். நல்லதுதான். மாடுகளுக்கு அந்த ஆபத்து விட்டது.

இதை நான் யாரிடம் சொன்னாலும் கடைசியில் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: அப்புறம் அண்ணிக்குக் குழந்தை பிறந்ததா? சொல்ல மாட்டேன். அது என் அம்மா கேட்ட கேள்வி. பசு என்ன கன்று போட்டது என்று கேளுங்கள், சொல்கிறேன். கிடாரி.