தெய்வம்மாவின் முழுப்பேர்

தெய்வம்மாவுக்கு எழுதத் தெரிந்தது அவள் பெயர் மட்டும்தான். அதையும் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறும் முன், கைநாட்டு வைக்க வெட்கப்பட்டுக் கற்றுக்கொண்டாள். இலங்கைத் தோட்டத்துச் சனங்களுக்குப் பேர் என்றால் வெறும் பெயரல்ல, ஒரு நாள் வேலை. நாள் முழுக்கக் கொழுந்து பறித்தால் முழுப்பேர். பாதியில் நின்றால் அரைப்பேர். செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் பேர் விழுந்தால்தான் அந்த ஆள் இருப்பதாகவே அர்த்தம்.

இரண்டாயிரத்து இரண்டில் தேயிலை விலை படுத்தது. நீலகிரியில், வெலிங்டன் பட்டாளத்துக் குடியிருப்புகளுக்குக் கீழே இருந்த அவளுடைய எஸ்டேட்டைப் பூட்டினார்கள். "மறுபடி தொறந்தா, பேரு விட்டுப்போகாதவங்களுக்குத்தான் மொதல்ல வேலை" என்று சொல்லிவிட்டு மேனேஜர் ஜீப்பில் ஏறினார். அந்த மனுஷன் வாய்க்கு வந்ததைச் சொன்னான், இவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்! தொழிலாளர் குடியிருந்த லயத்தில் மற்ற வீடெல்லாம் திருப்பூருக்குக் காலியாயிற்று. பனியன் கம்பெனிக்குப் போன மகள் வாசுகி, வாரம் ஒருமுறை மளிகைக்கடை போனில் கூப்பிட்டு, "வந்துரும்மா" என்று அழுதாள்.

"பேரு விட்டுப்போயிரும்டி" என்றாள் இவள்.

சாயங்காலமானால் பேச ஆளில்லை. அடுப்போடு பேசினாள். தனிமை அவளைத் தின்றது, இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது?

பட்டாளத்து ஆபீசர் ஒருவர் எஸ்டேட்டை வாங்கப்போகிறார் என்று ஊரில் ஒரு புரளி. அந்தச் சமயத்தில்தான், பழைய வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைத் தோட்டத்தில் விறகு பொறுக்கும்போது அவரைப் பார்த்தாள். பட்டாளத் தொப்பி போட்ட மனிதர், கையிலிருந்த சின்னக் கருவியைப் பார்த்துப் பார்த்து நடந்தார். சுவர்ப் பொந்தில் ஒரு டப்பாவைச் செருகிவிட்டுப் போனார். இவள் போய்த் திறந்தாள். பென்சில், நோட்டு, முதல் பக்கத்தில் ஒரு பேர், தேதி. செக்ரோல்! புதுத் தொரை நிலத்தை அளந்து, செக்ரோலும் வைத்துவிட்டாரே! அவள் வேறென்ன நினைப்பாள், பாவம்?

மறுநாள் முதல், வேலைக்கு ஆள் கூட்டும் காலைப் பெரட்டில் கணக்குக் கொடுக்கப் போவதுபோல், தலையில் துண்டு கட்டிக்கொண்டு போய்ப் பெயர் எழுதினாள். மழைக்கும் பனிக்கும் நிற்கவில்லை. காய்ச்சலில் ஒரு நாள் மத்தியானம்தான் எழ முடிந்தது. அன்றைக்கு நியாயமாக 'தெய்வ' என்று பாதிப் பேர் மட்டும் போட்டாள்.

எட்டு மாதம் கழித்து ஒரு காலை, தெய்வம்மா பேர் போட்டு நிமிரும்போது, கோயம்புத்தூரிலிருந்து ஸ்வேதா, வசந்த்குமார் என்று ஒரு இளம் ஜோடி அதே மாதிரிக் கருவியோடு வந்தது. நோட்டைப் புரட்டிய ஸ்வேதா சிரித்துவிட்டாள்.

"ஏனுங்கம்மா, இத்தனையும் நீங்க எழுதுனதுங்களா?"

"ஆமாங்க. ஒரு நாள் தவறல. தொரை எப்ப வாறாரு?"

"எந்தத் தொரைங்க? இது வெளையாட்டுங்கம்மா. ஒருத்தர் ஒளிச்சு வெப்பாங்க, மத்தவங்க மெஷின் காட்டுற எடத்தைத் தேடி வருவோம். கண்டுபுடிச்சா பேரெழுதிட்டுப் போவோம். ஒருத்தருக்கு ஒரு தடவைதானுங்க."

தெய்வம்மா பக்கத்துக் கல்லறைமேல் உட்கார்ந்துவிட்டாள். "எட்டு மாசப் பேருங்க" என்றாள். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஸ்வேதாவுக்குச் சிரித்ததை நினைத்து வெட்கமாகிவிட்டது.

நோட்டு நிரம்பியிருந்தது. வசந்த்குமார் தன் பையிலிருந்து புதியதை எடுத்து வைத்து, பழையதை அவளிடம் கொடுத்தான். "புதுசுல உங்க பேரை ஒருதரம் எழுதிக்குங்கம்மா" என்று பென்சிலை நீட்டினான்.

"நாளைக்கு எழுதுறேனுங்க."

மறுநாள் தலைத்துண்டோடு போனாள். டப்பாவைத் திறந்து வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தாள். மிச்சமிருப்பது ஒரே ஒரு பேர். அதையும் போட்டுவிட்டால் நாளைக்கு எதற்கு வருவது? மூடி வைத்துவிட்டு வந்தாள். அதற்கடுத்த நாளும் அப்படியே.

அந்த வாரம் வாசுகி போனில் கத்தினாள். "இன்னும் அங்க என்னம்மா இருக்கு உனக்கு?"

"இன்னும் பேரு போடலடி" என்றாள் தெய்வம்மா.