ஜனக்புரியிலிருந்து மாங்கர் மேடு: பின்பக்கம் குலுங்கும் சைக்கிளில்

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் என் கணவர் ரகுவும் டில்லி ஜனக்புரியிலிருந்து ஹரியானா பக்கம் இருக்கும் மாங்கருக்கு சைக்கிளில் போய் வந்தோம். அவருக்கு அது பயணம், எனக்குப் பரீட்சை. ஜூன் மாதம் ரகுவும் அவருடைய மூன்று நண்பர்களும் மலைச் சைக்கிளில் இமாசலத்து ஸ்பிதிக்குப் போகிறார்கள். சாமான் ஏற்ற ஒரு ஜீப்பும் கூடவே வரும். நான் சைக்கிளில் போவதா, மூட்டைகளோடு ஜீப்பில் போவதா என்பதை மாங்கர் மேட்டில் முடிவு செய்யலாம் என்று ரகு சொல்லியிருந்தார். காலைத் தரையில் ஊன்றாமல் ஏறினால் சைக்கிள், ஊன்றினால் ஜீப். இந்தச் சட்டத்தைப் போட்டவரும் அவர்தான், தீர்ப்பு சொல்பவரும் அவர்தான்.

சைக்கிள்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது. இரண்டுக்கும் பின்சக்கரத்தில் குலுக்கலை வாங்கிக்கொள்ளும் சஸ்பென்ஷன், அதாவது ஷாக், உண்டு. என்னுடையது ரகுவின் பழைய சைக்கிள். அவர் புதிது வாங்கியதும் எனக்கு வந்தது. அதில் பின்சக்கரத்தைத் தாங்கும் கை ஒரே ஒரு அச்சில் ஆடும். பெடலை ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் சைக்கிள் பின்பக்கம் குந்தி எழும்பும். முன்னால் போக வேண்டிய பலத்தில் ஒரு பங்கை ஷாக் தின்றுவிடும். மேட்டில் உடம்பு பின்னால் சாய்வதால் இன்னும் மோசம். பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரம் குடிகாரன் மாதிரி அலையும். அவருடைய சைக்கிளில் பின்சக்கரத்தைத் தாங்க நான்கு இணைப்புகள். மிதிக்கும்போது சங்கிலியின் இழுப்பே அந்தக் குந்தலைத் தடுத்து நிறுத்துகிற மாதிரி வடிவமைத்திருக்கிறார்கள். மேடு ஏறும்போது ஷாக்கைப் பூட்டிவைக்க ஒரு சின்ன லீவரும் அதில் இருக்கிறது. என்னுடையதில் அது கிடையாது.

மூன்று வருடமாக எல்லா மேட்டிலும் நான்தான் கடைசி. "உனக்குக் கால்ல தெம்பு இல்ல" என்பார் ரகு. நானும் நம்பினேன். பிறந்ததிலிருந்து தொடாத முட்டையைச் சாப்பிட ஆரம்பித்தேன். வேலை பார்க்கும் வங்கியில் லிஃப்டை விட்டுவிட்டு ஐந்து மாடி ஏறினேன். என் எடைக்கு ஏற்றபடி ஷாக்கில் காற்றைக் கூட்டிப் பார்த்தேன். குலுக்கல் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். துவாரகா, குருகிராம் வழியாக மாங்கர் சுமார் நாற்பது கிலோமீட்டர். சமதளத் தார்ச்சாலையிலும் என் சைக்கிள் ஊஞ்சல் ஆடிக்கொண்டே வந்தது. குருகிராம் தாண்டி ஃபரீதாபாத் சாலையில் குப்பை லாரிகள் பறக்கும். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஏழு மணிக்குள் அந்தப் பகுதியைக் கடந்துவிடுங்கள். முகமூடி அவசியம்.

மாங்கர் கிராமத்துக்குச் சற்று முன்னால் இடப்பக்கம் ஒரு கல்பாதை பிரிகிறது. அரை கிலோமீட்டர்தான், ஆனால் செங்குத்து. முழுக்க உருளும் கல். ரகு சிரமமே இல்லாமல் ஏறி, மேலே போய் நின்று கைதட்டினார். நான் ஏறினேன். பாதிக்கு மேல் முன்சக்கரம் விலகி ஒரு கால் ஊன்றினேன். இன்னும் கொஞ்சம் ஏறியதும் இன்னொரு கால்.

"சரி விடு, ஜீப்ல ஏசி இருக்கு" என்றார்.

இரண்டு பேரும் கீழே இறங்கி வந்ததும் கேட்டேன்: "ஏங்க, இந்த ஒரு மேட்டுக்கு மட்டும் சைக்கிளை மாத்திக்கிடுவோமா?"

"அரே, பிரச்சினை சைக்கிள்ல இல்லப்பா, கால்ல. அச்சா, ட்ரை பண்ணிப் பாரு."

நாங்கள் இருவரும் கிட்டத்தட்ட ஒரே உயரம். சீட்டைத் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை. ஏறி மிதித்தேன். மிதித்த மிதி அப்படியே பின்சக்கரத்துக்குப் போனது. எதுவும் குந்தவில்லை, எதுவும் அலையவில்லை. முதலில் காலை ஊன்றிய இடத்தைத் தாண்டினேன், இரண்டாவது இடத்தையும் தாண்டினேன். மேலே போய் கீக்கர் என்கிற ஒரு கருவேல மரத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். ரகு பாதி வழியில் என் பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் இல்லை. அந்த மூன்று வருடங்களை நினைத்து.

மேலே வந்து சேர்ந்தவர் மூச்சு வாங்கியபடி சொன்னார்: "பாத்தியா? இந்த சைக்கிள்ல மனுஷன் ஏற முடியாது. நீ எப்படி இதுல ஸ்பிதி ஏறுவ? ஜீப்தான் சரி."

மூன்று வருடமாக என் காலைக் குறை சொன்னவர், இப்போது சைக்கிளைக் குறை சொல்லி என்னை ஜீப்பில் ஏற்றிவிட்டார்.

பாதை தொடங்கும் இடத்தில் ஒரு டீக்கடை. பராத்தா எண்பது ரூபாய், டீ இருபது, இரண்டுமே நன்றாக இருக்கும். மேட்டை அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர், "மேடம் தோ பஹுத் தேஸ் ஹை" என்றார். மேடம் நல்ல வேகம் என்கிறார்.

"மேரி சைக்கிள் ஹை, பையா" என்றார் ரகு. சைக்கிள் தன்னுடையது அண்ணே என்கிறார்.

டீ ஆறிப்போனது. "அப்ப ஒண்ணு செய்வோம். ஜூன்ல உங்க சைக்கிளை நான் ஓட்டுறேன், நீங்க ஜீப்ல வாங்க" என்றேன்.

வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். "ப்ளான் போட்டதே நான். நான் ஜீப்ல உக்காந்தா ஆளுங்க சிரிப்பாங்க." நான் உட்கார்ந்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள் போலிருக்கிறது. எழுந்து அவருடைய சைக்கிளை எடுத்தார். திரும்பிப் போகும் நாற்பது கிலோமீட்டரும் ஊஞ்சல் எனக்கே.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு போனைப் பார்த்தால், ஸ்பிதி வாட்ஸ்அப் குழுவில் ரகு எழுதியிருந்தார்: "டெஸ்ட் முடிஞ்சுது. அவளுக்கு மலை செட் ஆகல. ஜீப்ல வருவா." கீழே மூன்று கட்டைவிரல்கள். அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன். அது அவருக்கு மறந்துபோயிருக்கலாம். மறக்காமலே எழுதியிருக்கவும் கூடும். எது மோசம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில் போங்கள், புகைமூட்ட நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். ஒருவருக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். மாங்கர் காடு ஊர்க்காரர்கள் கும்பிடும் இடம், அதற்குள் சைக்கிளை விடாதீர்கள். பழைய ஒற்றை அச்சு சைக்கிளை யாராவது இலவசமாகத் தந்தால், வாங்குவதற்கு முன் ஒரு மேட்டில் ஓட்டிப் பாருங்கள். தருபவரையும் அதே மேட்டில் ஓட்டச் சொல்லுங்கள். அவர் தள்ளிக்கொண்டு வந்தால் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை.

ஜூனில் நான் டில்லியில்தான் இருப்பேன். ஸ்பிதி ஜீப்பில், மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலி. ஏசி உண்டு. வேண்டுபவர்கள் ரகுவைக் கேளுங்கள்.