மான் குறுக்கே பாய்ந்த காலை

மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பிறகு, என்னிடம் யார் எதைக் கேட்டாலும் மனைவியே முந்திக்கொண்டு பதில் சொல்வாள். நினைவைச் சோதிக்கும் உளவியலாளர் முதல் வேலையாக அவளை வெளியே இருக்கச் சொன்னார். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

தேங்காய், சாவி, குடை என்று அவர் சொன்ன சொற்களைத் திருப்பிச் சொன்னேன். கடிகாரம் வரையச் சொன்னார். சின்னப்பிள்ளை வேலை, எரிச்சலோடு வரைந்து கொடுத்தேன்.

"இண்டைக்கு எப்பிடி வந்தனீங்கள்?"

"மோட்டார் சைக்கிள்ல. நான்தான் ஓடிக்கொண்டு வந்தனான்."

துறைமுக வீதியில் மான் ஒன்று குறுக்கே பாய்ந்ததையும், நான் பிரேக் பிடித்ததையும் சொன்னேன். எங்கள் ஊரில் மாட்டைப்போல மானும் வீதியில் திரியும், அதில் அதிசயமில்லை. ஆனால் அவர் பேனையை வைத்துவிட்டு, மனைவியை உள்ளே அழைத்து அதே கேள்வியைக் கேட்டார்.

இந்த முறை அவள் முந்தவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓட்டோவிலதான் வந்தனாங்கள், மிஸ். மான் பாய்ஞ்சது இவர் விழுந்த அண்டைக்கு."

பிரேக்கை இறுக்கிப் பிடித்த வலி என் விரல்களில் அப்போதும் இருந்தது.