எவருக்கும்னா எவருக்கும்தான்

"பாஸ்வேர்டு போடுங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். அந்தச் சுவரில் பார்க்க ஒன்றுமில்லை. ஒரு காலண்டர், போன மழையில் ஊறிய ஒரு கறை, அவ்வளவுதான். அதையே உற்றுப் பார்த்தபடி "ஆச்சா?" என்பார். ஆச்சு என்று பதில் வரும்வரை இடியே விழுந்தாலும் திரும்பமாட்டார். ஒருநாள் ஒரு பெரியவர் பாஸ்வேர்டை மறந்துவிட்டுக் கால் மணி நேரம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவருக்கும் கால் மணி நேரம் சுவர்தான்.

எங்கள் தெரு அவருக்கு வைத்திருக்கும் பெயர் பூட்டக்கா. முன்பு செருப்புக் கடையில் வேலை பார்த்தவர். தொழில்நுட்பத்தை வீட்டு வாசல்வரை கொண்டுவருவது என்று அரசாங்கம் கொள்கை போட்டு, பகுதிக்கு ஒரு கணினிச் சேவை மையம் திறந்தபோது, எழுதிப்போட்டு உரிமம் வாங்கினார். பத்து நாள் பயிற்சி. கடைசி நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஓர் அதிகாரி தனியுரிமை விதிகளை வாசித்தாராம். "எல்லாரும் தூங்கி வழிஞ்சாங்க. நான் ஒருத்திதான் முழிச்சிருந்தேன். கேட்டுட்டுத்தானே கையெழுத்துப் போட்டேன்? அப்புறம் கேக்காத மாதிரி இருக்க முடியுமா?"

அதில் ஒரு வரியைக் கையால் எழுதிக் கணினிக்கு மேலே ஒட்டியிருக்கிறார்: 'விண்ணப்பதாரரின் விவரங்களை அவரது ஒப்புதலின்றி எவருக்கும் வெளியிடலாகாது.'

உடனே அவரை வாயில்லாப் பூச்சி என்று நினைத்துவிடாதீர்கள். அடேயப்பா! எந்த வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, யார் யாரிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள், எல்லாம் மூச்சு விடாமல் வரும். கேட்டால், "அது தெருவில கண்ணால பார்த்தது. இது கம்ப்யூட்டர்ல பார்த்தது. ரெண்டும் ஒண்ணா?" என்பார். பிழையாக அச்சான தாள்களைக் கிழித்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து, சாயங்காலம் முழங்கை வரை கையை விட்டுப் பிசைந்து கூழாக்கிய பிறகுதான் கடையைப் பூட்டுவார். ஒருமுறை நாக்கு அரித்து, பக்கத்து வீட்டுக்காரர் என்ன விண்ணப்பித்தார் என்று கேட்டுவிட்டேன். "உங்களைப் பத்தி அவர் கேட்டா சொல்லட்டுமா?" என்றார். அதற்குப் பிறகு நான் ஏன் வாயைத் திறக்கிறேன்?

சில மாதங்களுக்கு முன் அவர் கடைக் கதவில் ராக்கெட் படம் போட்ட ஒரு சுவரொட்டி வந்தது. விண்வெளி ஆராய்ச்சி மையத்துக்கு நூறு பயிலுநர்களை அரசாங்கமே எடுத்துப் படிக்கவைக்கிறது என்று அறிவிப்பு. அது வந்த வாரம் ஏழாம் டோக்கனை வைத்துக்கொண்டு நான் காத்திருந்தேன். பூட்டக்காவின் அண்ணன், பெயிண்ட் கடைக்காரர், வேகமாக உள்ளே வந்தார். இயற்பியல் முடித்த ஒரே மகள் அவருக்கு.

"நேத்து என் பொண்ணு இங்க வந்து ஒரு மணி நேரம் உக்காந்திருக்கா. எதுக்கு அப்ளிகேஷன் போட்டா?"

"அவகிட்டயே கேளுண்ணே."

"அவ சொன்னா நான் ஏன் உன்கிட்ட வர்றேன்? அந்த ராக்கெட்டுக்குத்தானே? அப்படி மட்டும் இருந்துச்சு, இன்னிக்கே ரத்து பண்ணவச்சிடுவேன். ஒத்தப் பொண்ணை அவ்வளவு தூரம் அனுப்பிட்டு நான் யார் மூஞ்சியைப் பார்க்கிறது?"

வாய் தவறினால் அந்தப் பெண்ணின் வாய்ப்புப் போச்சு. வாயை மூடினால் அண்ணன் போச்சு. பூட்டக்கா ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். அண்ணன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கொதித்தார்.

"எவருக்குமா? நான் எவனோவா? கூடப் பிறந்தவன்டி!"

"எவருக்கும்னா எவருக்கும்தான் அண்ணே. கூடப் பிறந்தவங்க நீங்கலாகன்னு போடலையே."

"சரி. இனிமே இந்தப் படி ஏறமாட்டேன்."

பூட்டக்காவின் கண் நிறைந்துவிட்டது. குரலைத் தாழ்த்தி ஒன்றுதான் கேட்டார்: "நீ இந்த நாற்காலியில உக்காந்ததே இல்லையா அண்ணே?"

அண்ணன் முகம் சட்டென்று மாறியது. அவர் என்ன காகிதத்துக்காக எப்போது அங்கே உட்கார்ந்தாரோ, எனக்குத் தெரியாது. வீட்டில் யாருக்கும் தெரியாது போலிருக்கிறது. படியிறங்கிப் போனார். பூட்டக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டோக்கன் ஏழு" என்று கூப்பிட்டார். குரல் உடைந்திருந்தது. என் படிவத்தில் ஒரு பிழைகூட இல்லை.

அன்று சாயங்காலம் மகளே அப்பாவிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டாள். மூன்று நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. நாலாம் நாள், "போட்டது போட்டே, ஒழுங்காப் பரீட்சை எழுதிட்டு வா" என்றாராம். தங்கையிடம் மட்டும் இரண்டு மாதம் பேசவில்லை. (இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டபோது, தன்னையும் சேர்த்து மூன்று பேரிடமும் ஒப்புதல் வாங்கச் சொன்னார் பூட்டக்கா. வாங்கிவிட்டேன்.)

போன வாரம் தேர்வு முடிவு. தண்ணீர் வரி கட்டப் போயிருந்தேன். எனக்கென்று இப்படி நேரம் வாய்க்கிறது. மகளோடு அண்ணனும் படியேறி வந்தார். பூட்டக்கா எழுந்து நின்றார், பிறகு ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்து, "பாஸ்வேர்டு போடுடி" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் தங்கையின் முதுகைப் பார்த்தார். ஒரு கணம் தயங்கினார். அப்புறம் அவரும் அந்தக் கறையைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"ஆச்சா?" என்றார் பூட்டக்கா.

"கிடைச்சிருச்சு அத்தை! அப்பா, கிடைச்சிருச்சு!"

அண்ணன் திரும்பவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின. "என் பொண்ணு!" என்றார் சுவரிடம். பூட்டக்கா பாய்ந்து வந்து மருமகளைக் கட்டிக்கொண்டார். பெருமை என்றால் அப்படியொரு பெருமை அந்த முகத்தில். ஏதோ சொல்ல வாய் திறந்தவர், சட்டென்று கையால் பொத்திக்கொண்டு மருமகளையே பார்த்தார்.

"வெளியில சொல்லலாமாடி?"

"சொல்லுங்க அத்தை."

"யாருக்கு?"

அவள் சிரித்தாள். "எவருக்கும்!"

பூட்டக்கா செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி, இரண்டு கையையும் வாயருகே குவித்தார்.